இருட்டிலும் தெரியும் எண்

'ழ' எழுத்தின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டிருந்த துண்டை ஊசி முனையால் கிளப்பி எடுக்கும் நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. ஸ்டிக்கர் கடையில் இந்த வேலைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இயந்திரம் எழுத்தை வெட்டித் தந்துவிடும். வேண்டாத பகுதியை உரித்தெடுப்பது மனுஷக் கைதான். கொஞ்சம் அசந்தால் எழுத்தும் சேர்ந்து கிளம்பி வந்துவிடும். அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

"லிஃப்ட் கம்பெனிங்களா? சீக்கிரமா ஒரு ஆள..."

"ராங் நம்பர்ங்க" என்று கட் பண்ணிவிட்டாள்.

நாலு நாளில் இது மூன்றாவது. முந்தாநாள் ஒரு பெரியவர் கூப்பிட்டு, லிஃப்டுக்குள் ஃபேன் ஓடவில்லை, காற்றே இல்லை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "நம்பரப் பாத்து அடிங்க சார், கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுக்கோங்க" என்று அவர்மேல் வள்ளென்று விழுந்துவிட்டு வைத்தாள்.

"யாரும்மா?" என்றார் கட்டிங் அண்ணன். வெட்டும் இயந்திரத்தைப் பதினோரு வருஷமாக ஓட்டுகிறவர். கடையில் அவருக்கு அதுதான் பெயர்.

"யாருக்கோ லிஃப்ட் வேணுமாம். நம்ம கடையே தரையோட தரையா இருக்கு, நான் எங்கண்ணே போவேன் லிஃப்டுக்கு?"

அண்ணன் சிரித்து முடிப்பதற்குள் மறுபடியும் போன். அதே எண்.

"வச்சுடாதீங்க! தயவுசெஞ்சு வச்சுடாதீங்க." பெண்குரல், மூச்சு வாங்கியது. "ராங் நம்பர் இல்ல மேடம். நான் லிஃப்டுக்குள்ளதான் நிக்கறேன். என் மூஞ்சிக்கு நேரா ஸ்டிக்கர் இருக்கு. இந்த நம்பர்தான் போட்டிருக்கு. ஒவ்வொரு நம்பராப் பாத்துப் பாத்து அடிச்சேன்."

"என்ன ஸ்டிக்கர்?"

"செகப்பு. வெள்ளையா எழுதியிருக்கு. மாட்டிக்கொண்டால் பதறாதீர்கள், அழையுங்கள்னு..."

"கீழ மஞ்சள் பட்டை இருக்கா?"

"இருக்கு."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

அந்தச் சிவப்பை அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். அவள் கணினியில் நாற்பது ஐம்பது இணையப் பக்கங்களைக் குறித்து வைத்திருந்தாள். இரண்டு நிறத்தைக் கொடுத்தால் ஒன்றின் மேல் ஒன்று எவ்வளவு எடுப்பாகத் தெரியும் என்று மதிப்பெண் போடுகிற பக்கம், நிறக்குருடு உள்ள கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று காட்டுகிற பக்கம், எழுத்துருக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற பக்கம். எல்லாவற்றிலும் அந்த ஸ்டிக்கரைப் போட்டுப் பார்த்தாள். கரண்ட் போனால் லிஃப்டுக்குள் மங்கலான ஒரு விளக்குதான் எரியும் என்று, ஸ்டோர் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் படித்துப் பார்த்தாள். ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாது, ஆறும் எட்டும் ஒன்றுபோலத் தெரியக் கூடாது என்று தேடித் தேடி எழுத்துரு பிடித்தாள். கட்டிங் அண்ணனின் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி மூன்றடி தள்ளி நிறுத்தினாள். அவர் பத்து இலக்கத்தையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தார்.

அவர் ஒப்பித்தது அவளுடைய எண்ணை.

மாதிரிக்கு அவள் எப்போதும் தன் எண்ணைத்தான் போடுவாள். வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால் அது எந்த அப்பாவியுடையதாகவாவது இருந்து தொலைக்கும் என்று பயம். லிஃப்ட் கம்பெனி கடைசி நாள்தான் அவர்களுடைய எண்ணைத் தந்தது. மாற்றினாள், படம் அனுப்பினாள், அவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். எல்லாம் சரி. ஆனால் ஒரு தாளில் இருபது ஸ்டிக்கர் வீதம் அடுக்குவதற்கு அவளே ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தாள். பொத்தானைத் தட்டினால் போதும், அது கோப்பை எடுத்து, எழுத்தையெல்லாம் வெறும் கோடாக மாற்றி, அச்சுக்குத் தயாராக்கிவிடும். கடையில் பத்து பேரிடமாவது அதைக் காட்டிப் பீற்றிக்கொண்டிருப்பாள். அந்த நிரலுக்குள் கோப்பின் பெயர் 'ஃபைனல் டெஸ்ட்' என்று, பழைய மாதிரியின் பெயராகவே இருந்தது. அவள் எண்ணை மாற்றியதோ 'ஃபைனல்' என்ற கோப்பில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சிவப்பைப் பார்த்தவள், மஞ்சளைப் பார்த்தவள், எண்ணைப் பார்க்கவில்லை. நானூறு ஸ்டிக்கர். போய்ப் பத்து நாள் ஆகிறது.

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கடை ஓனரிடம், "சார், லிஃப்ட் ஸ்டிக்கர்ல என் நம்பர் அடிச்சிருக்கேன். உள்ள ஒரு பொண்ணு மாட்டியிருக்கு" என்றாள்.

ஓனர் மேஜையை விட்டு எழுந்தே விட்டார். "என்னது? நீ... சரி, கத்தாத. லிஃப்ட் ஆளுன்னே சொல்லு. கடை பேர் வெளிய வரக்கூடாது. சொல்லு!"

"ஆமாங்க" என்றாள் போனில். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. "லிஃப்ட் ஆளுதான். சொல்லுங்க."

"அப்பாடா!" என்றது அந்தக் குரல். அழுகை இப்போதுதான் உடைத்துக்கொண்டது. "பார்சல் வாங்க ரெண்டே நிமிஷம்னு கீழ போனேன் மேடம். திரும்பி வரப்போ நாலாவது மாடி, எங்க மாடிகிட்ட வந்து குலுங்கி நின்னுடுச்சு. வீட்ல புள்ள தனியா தூங்கறா. பத்து மாசம். அடுப்புல பால் வச்சிருக்கேன். புது பில்டிங், எங்க மாடில நாங்க மட்டும்தான் குடி வந்திருக்கோம். வாட்ச்மேன் சாப்பிடப் போயிட்டாரு, என் வீட்டுக்காரர் போன எடுக்கல. சார்ஜ் நாலு பர்சென்ட்தான் இருக்கு."

விலாசம் கேட்டாள். பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் புதிதாக வந்திருக்கும் வெள்ளைக் கட்டடம், இரண்டாவது பிளாக். பத்து நிமிஷ தூரம். அவள் எழுதிக் காட்ட, கட்டிங் அண்ணன் கணினியில் 'ஃபைனல்' கோப்பைத் திறந்து, அதிலிருந்த நிஜ எண்ணைப் பார்த்துத் தன் போனில் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு தீயணைப்புக்கும் அடித்தார். இரண்டும் முடிந்ததும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். லிஃப்ட் ஆள் வர நாற்பத்தைந்து நிமிஷம். தீயணைப்பு வண்டி வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறது, அங்கிருந்து கிளம்பியதும் வருவார்களாம்.

"மேடம், இருக்கீங்களா? கதவு நடுவுல கொஞ்சம் விலகுது. பலமா இழுத்தா தொறந்துடும்போல இருக்கு. காலுக்குக் கீழ இருட்டா ஒரு சந்து தெரியுது. தொறந்து எக்கி ஏறிடட்டுமா? நீங்க சரின்னா ஏறிடறேன்."

ஓனர், "ஏதாவது சொல்லி சமாளி" என்று வாயசைத்தார்.

ஏறலாம் என்றால் ஏறிவிடுவாள். பாதி ஏறும்போது லிஃப்ட் நகர்ந்தால்? வேண்டாம் என்றால் எத்தனை நேரம் கேட்பாள், அடுப்பில் பால் இருக்கிறதே? அந்தப் பெண் கேட்டது லிஃப்ட் தெரிந்த ஒருத்தியிடம். அப்படி ஒருத்தி இந்த முனையில் இல்லை.

"கதவத் தொடாதீங்க! நான் சொல்றதக் கேளுங்க. நான் லிஃப்ட் ஆள் இல்ல. பொய் சொல்லிட்டேன். அந்த ஸ்டிக்கர டிசைன் பண்ணவ நான். தப்பா என் நம்பர அடிச்சிட்டேன். லிஃப்டப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனாலதான் சொல்றேன், ஏறாதீங்க."

ஓனர் தலையில் அடித்துக்கொண்டார். போனில் சின்னப் பிள்ளையின் குரல்போல ஒரு குரல் வந்தது.

"அப்போ யாருமே வரலையா?"

"வர்றாங்க. நெஜமான ஆளுக்குச் சொல்லியாச்சு. அவங்களுக்கு முன்னாடி நான் வர்றேன். பத்து நிமிஷம். வீட்டுச் சாவி எங்க?"

"கையிலதான். அக்கா, பால் சிம்லதான்..."

அத்தோடு போன் செத்துவிட்டது.

அவள் மேஜைமேல் கிடந்த இரண்டடி இரும்பு ஸ்கேலையும், ஒட்டும் டேப் சுருளையும் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்கே தெரியாது. கையில் எதுவும் இல்லாமல் போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"நீ அங்க போய் நின்னா நம்ம தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் ஓனர்.

"ஆகட்டும் சார். நம்ம தப்புதானே?"

கட்டிங் அண்ணன் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டிருந்தார். சிக்னலில் நின்ற ஒவ்வொரு நொடியும் அவள் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அணைந்திருந்தால் கேஸ் கசியும். அணையாமல் இருந்தால் பாத்திரம் தீயும். இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றுகூடத் தெரியவில்லை. நடுவில் அந்தப் பெரியவர் வேறு வந்தார். காற்றே இல்லை என்றாரே, அது புகாரா, அல்லது அவரும் உள்ளேதான் நின்றுகொண்டிருந்தாரா? அவரை முழுசாகப் பேசக்கூட விடவில்லையே பாவி, கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னாயே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அவர் எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

மூன்றாவது மாடிப் படியிலேயே கருகல் வாடை வந்தது. நாலாவது மாடியில் பூட்டிய கதவுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் தோளால் கதவை இரண்டு முறை இடித்தார். புதுக் கதவு, அசைந்து கொடுக்கவில்லை.

"அக்காவா?" லிஃப்டுக்குள்ளிருந்து கேட்டது.

"நான்தான். சாவியக் குடுங்க."

லிஃப்ட் முழங்கால் அளவு கீழே நின்றிருந்தது. அண்ணன் வெளிக்கதவை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தார். இரண்டு விரற்கடைதான் கொடுத்தது. உள்கதவையும் அந்தப் பெண் அதே அளவு விலக்கினாள். நடுவில் ஒரு சாண் இருட்டு. அவள் நீட்டிய விரலும் இவள் நீட்டிய விரலும் எட்டவில்லை. தூக்கிப் போட்டால் நாலு மாடிப் பள்ளத்தில்தான் போய் விழும்.

அவள் டேப்பைக் கிழித்து, ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு ஸ்கேலின் முனையில் நாலு சுற்றுச் சுற்றினாள். "வளையத்துலேர்ந்து சாவிய மட்டும் கழட்டுங்க. இந்த நுனியில வச்சு நல்லா அழுத்துங்க. இன்னும். இன்னும் நல்லா." ஸ்கேல் வழியாக அந்தப் பெண் அழுத்துவது இவள் கைக்குத் தெரிந்தது. "விட்டுடுங்க."

இழுத்தாள். அவசரப்பட்டால் சாவி கதவு விளிம்பில் தட்டும். உள்ளே குழந்தை கத்தக் கத்த, அவள் 'ழ'வின் வயிற்றைக் கிளப்புகிற அதே நிதானத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு, நூல் நூலாக இழுத்தாள். விளிம்பில் சாவி ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கியது. இடது கை இரண்டு விரலை விட்டுக் கவ்விவிட்டாள்.

சமையலறை முழுக்கப் புகை. பாத்திரத்தின் அடி சிவந்துபோயிருந்தது, அடுப்புக்கு மேலே தொங்கிய துணியின் ஓரம் பழுப்பேறிச் சுருண்டிருந்தது. அண்ணன் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்தார். குழந்தை கட்டில் விளிம்புக்கு வந்து ஒரு காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழுதது. அவள் அள்ளித் தூக்கினாள். முன்பின் தெரியாத தோள் என்று அது இன்னும் பலமாகக் கத்தியது. கத்தட்டும், நல்லாக் கத்தட்டும் என்றிருந்தது அவளுக்கு. கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

லிஃப்ட் கதவின் அருகே தரையில் உட்கார்ந்துகொண்டாள். "இங்கதான் இருக்கா. ஒண்ணும் ஆகல. பேசுங்க அவகிட்ட." உள்ளேயிருந்து "தங்கம், அம்மா இங்கதாண்டா" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் குழந்தை கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது.

அண்ணன் லிஃப்ட் கம்பெனியோடு பேசிவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆளு கிட்ட வந்துட்டானாம். நானூறுல எத்தன ஒட்டியிருக்காங்கன்னு கேட்டேன்மா. இருநூத்துச் சொச்சமாம். எந்தெந்த பில்டிங்னு பட்டியல் எடுக்கவே நாளைக்கு ஆயிடும்கறான்."

அவள் பதில் சொல்வதற்குள் மடியில் கிடந்த போன் அடித்தது. தெரியாத எண். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்தது.

அவள் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, போனை எடுத்தாள்.

"வச்சுடாதீங்க" என்றாள். "சொல்லுங்க. எந்த பில்டிங்?"