நாற்பத்தாறு பிரேக்கர்கள்

1

என் வீட்டு மீட்டர் பெட்டியைச் சரிபார்க்க வந்த எலக்ட்ரீஷியன் போகிறபோக்கில் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது இந்தக் கதை. "சும்மா கெடந்த பிரேக்கர் முதல் தடவை எப்படி ட்ரிப் ஆகுதோ, அதான் சார் நிஜம். ரெண்டாந்தடவை எல்லாமே நல்ல புள்ளையாத்தான் நடந்துக்கும்." அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்தவன், மீதி அத்தனையையும் நானே கட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'அணு உலையின் பிரம்மாண்டமான கோபுரத்தின் மேல் சூரியன்—'

வேண்டாம். என் கதாநாயகி அணு உலையைப் பார்த்ததே இல்லை.

இரண்டாவது: அணுமின் நிலையத்தில் கழற்றிய பழைய பிரேக்கர்களைப் பிரித்து, கழுவி, புது கிரீஸ் வைத்துத் திருப்பி அனுப்பும் பட்டறை அது. கோளாறு என்றால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்சாரத்தைத் துண்டிப்பது பிரேக்கரின் வேலை. துண்டிக்க எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அளந்து கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பட்டறையில் அவளுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பட்டப்பெயர். பிரேக்கர்களைப் பிரித்துப் பூட்டுகிறவர் அவள் அக்காவின் கணவர். அவளை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். (இந்த உறவு இல்லாமலும் எழுதிப் பார்த்தேன். உப்புச் சப்பில்லை.)

3

அத்தான் பல்வலி என்று லீவு போட்ட செவ்வாய்க்கிழமை, அவளே ஒரு பிரேக்கரைத் தள்ளுவண்டியில் உருட்டிவந்து அளவுக் கருவியில் மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். வரவேண்டியது ஐம்பது மில்லிசெகண்ட். வந்தது இருநூற்றுப் பத்து. மறுபடி அழுத்தினாள். நாற்பத்தெட்டு. அப்புறம் எத்தனை முறை அழுத்தியும் நாற்பத்தெட்டுதான்.

மறுநாள் அத்தானிடம் கேட்டாள்.

"உன்கிட்ட கொண்டுவர்றதுக்கு முன்னாடி நாலஞ்சு தடவை நான் ஆன்-ஆஃப் பண்ணித் தட்டி விட்டுருவேன்ல. தூங்கறவனை எழுப்பாமலா பரீட்சை எழுதச் சொல்லுவாங்க?"

"எல்லாத்தையுமா அத்தான்?"

"எல்லாத்தையும்தான். உனக்குத்தாம்மா வேலை சுலபம்."

ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.* உள்ளே யாரும் பிரிக்காத ஒரு பேரிங்கில் பழைய கிரீஸ் பசையாய் இறுகிக் கிடந்தது. நாலு தட்டு தட்டினால் இளகும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் மறுபடி இறுகும். அணு உலையில் பிரேக்கர் மாதக்கணக்கில் சும்மாதான் கிடக்கும். ஆபத்து வரும்போது அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு தடவை. அவள் கையெழுத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தவை நாற்பத்தாறு.

(* அவரை வில்லனாக்கிய ஒரு வரைவு இருந்தது. மீசையெல்லாம் வைத்திருந்தேன். தூக்கிப் போட்டுவிட்டேன்.)

4

அவளை அழவைக்க எனக்கு ஆசை. 'அவள் கண்கள் குள—'

அழவில்லை. அணுமின் நிலையத்துக்கு அனுப்ப, நாற்பத்தாறு பிரேக்கர்களின் எண்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். மேலே, 'இவற்றில் நான் போட்ட கையெழுத்து செல்லாது. நான் அளந்தது முதல் தடவையை அல்ல' என்று எழுதி, நேராக அத்தானிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

படித்தவருக்கு முகம் கறுத்துவிட்டது. "உண்ட வீட்டுக்கே ரெண்டகமா? இது போச்சுன்னா முதல்ல போறது என் வேலைதான். உங்க அக்கா முகத்துல எப்படி முழிப்ப?"

"உங்க பேரை எழுதல அத்தான். என் பேரைத்தான் எழுதியிருக்கேன்."

"எழுதலைன்னா தெரியாதாக்கும்!"

"தெரியும். அதான் உங்ககிட்ட முதல்ல காட்டுறேன்."

5

முடிவு அ: அத்தானும் கீழே கையெழுத்துப் போடுகிறார். (உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் மூன்று பக்கமாக அவரோடு பழகியிருக்கிறேன். போடமாட்டார்.)

முடிவு ஆ: அவள் தாளைக் கிழித்துப் போடுகிறாள். இதை எழுதத்தான் ரொம்பப் பாடுபட்டேன். "வேணும்னா நீங்க கிழிச்சுக்கோங்க சார். நான் இன்னொண்ணு எழுதுவேன்" என்றாள் என்னிடம். அந்த முடிவைத்தான் கிழித்தேன்.

ஆகவே கடிதம் போய்விட்டது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். அதை மட்டுமாவது மாற்றிவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது.

மீதியை நான் எழுதப்போவதில்லை. அணுமின் நிலையத்தில் அந்த உறையைப் பிரித்தவர் நீங்கள்தான். நாற்பத்தாறையும் கழற்றிப் பார்க்க வேண்டுமானால் உலையை நிறுத்த வேண்டும். மேலதிகாரி கதவோரம் நின்று, "என்னப்பா அது, லெட்டர்?" என்று கேட்கிறார்.

சொல்லுங்கள்.