வெறுங்காலுக்கு மட்டும் அடிக்கிற கரண்ட்

வேர்க்கடலை ஒடைக்கிற மல்லாட்டை மில்லு அரங்கநாதன் நடந்து வந்தா செஞ்சி பஜார்ல பாதிப் பேரு எழுந்து நிப்பான். நானும் நிப்பேன், மனசுக்குள்ள காறித் துப்பிக்கினே.

அந்த ஆளு அறுபத்தஞ்சு வயசுல ஒரு ஓட்டை பஸ்ஸ வாங்கினாரு. சீட்டையெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு கட்டிலு, கரண்ட் அடுப்பு, ஃபேன் எல்லாம் வெச்சு வூடு மாதிரி ஆக்கிட்டாரு. குடும்பத்தோட காசிக்குப் போவணுமாம், ஊட்டிக்குப் போவணுமாம். போனது எங்க தெரியுமா? இங்க இருக்கிற ராஜகிரி கோட்டை அடிவாரம்! புளிசோறு தின்னுட்டுத் திரும்பி வந்து மில்லு களத்துல நின்னதுதான், அப்புறம் நவுரல. மில்லுலேர்ந்து ஒரு வயர இழுத்து பஸ்சுக்குள்ள வுட்டுட்டு, நின்ன எடத்துலயே ஃபேன் போட்டுக்கினு படுத்திருப்பாரு. கேட்டா டூராம்.

உள்ள நாலு பிளக் பாயிண்டு. மாட்டினது அவரு புள்ள ஜெயராமன். மெட்ராசுல எலெக்ட்ரிகல் படிச்சவன். படிச்சான், அவ்ளோதான். பாஸ் பண்ணானான்னு மட்டும் கேட்டுடாதீங்க. நாலே மாசத்துல ரெண்டு பாயிண்டு கருகிப் போச்சு. அப்பத்தான் வயர்மேன் தனசேகரன் ஞாபகம் வந்துது, அதாவது நானு.

நான் போன அன்னிக்கு பஸ் ஓரமா ஒரு டிரங்குப் பொட்டி இருந்துது. பக்கத்துல ஜெயராமன் பொண்டாட்டி ரத்தினம்மா, தலைய குனிஞ்சுக்கினு. அவ அப்பா, பாவாடைன்னு பேரு, தளவானூர்லேர்ந்து பஸ் புடிச்சு வந்து கை கட்டி நிக்கிறாரு. என்னாச்சுன்னு களத்துல மல்லாட்டை பொறுக்கிக்கினு இருந்த காத்தாயியக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு வலிப்பாம்பா. காலையில பஸ்ல டீ போட ஏறுது, கையி இழுத்துக்கினு வியுது. மூணு தபா ஆயிடுச்சு. நோவ மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு அப்பன் வூட்டுக்கு அனுப்புறாங்க" அப்படின்னுச்சு.

கல்யாணம் ஆயி ஆறு மாசம் ஆவல. வலிப்புன்னு பேரு வெச்சு அனுப்பிட்டா அப்புறம் அந்தப் பொண்ண எவன் சீண்டுவான்?  ஆனா பெரிய எடத்து சமாச்சாரம், நமக்கு இன்னான்னு செருப்ப களத்து ஓரத்துலயே வுட்டுட்டு வந்தேன். அவரு எதுருல நாங்கல்லாம் செருப்போட நிக்கக் கூடாது. பஸ் கைப்பிடிக் கம்பியப் புடிச்சு ஒரு கால மேல வெச்சேன் பாருங்க, யம்மாடி! தோள் வரைக்கும் தூக்கிப் போட்டுது.

மொதல்ல வயரக் கழட்டிட்டு உள்ள போயி பாயிண்டத் தொறந்தேன். அடப் பாவி! நீட்டு ஸ்க்ரூவப் போட்டு முறுக்கியிருக்கிறான். அது வயரக் கிழிச்சுக்கினு பஸ் தகரத்துல போயி நிக்குது. பஸ் முழுக்க கரண்ட். உள்ள ஏறிட்டா ஒண்ணும் தெரியாது. கீழ ரப்பர் டயரு. தரையில வெறுங்கால ஊனிக்கினு கம்பியத் தொட்டாத்தான் அடிக்கும். அப்பனும் புள்ளையும் பஸ்தானேன்னு செருப்போட ஏறுவாங்க. அந்தப் பொண்ணு அடுப்பு இருக்கிற எடம்னு செருப்பக் கீழயே கழட்டிட்டு ஏறும், அதுவும் தண்ணி தெளிச்ச ஈரத்துல. மாமியார்க்காரி நல்ல நாள் பாத்துத்தான் ஏறுவேன்னு இன்னும் ஏறவே இல்ல.

எறங்கி வந்து சொன்னேன். ஜெயராமனுக்கு மூஞ்சி செவந்துடுச்சு.

"என் வயரிங்க நீ குத்தம் சொல்றியா? உன் மூஞ்சிக்கு?"

"வயர மாட்டுறேன், நீங்களே பாருங்க சார்"னு மாட்டினேன்.

அரங்கநாதன் செருப்புக் காலோட வந்து கம்பிய இறுக்கிப் புடிச்சாரு. "எங்கடா கரண்ட்டு? எனக்கு அடிக்கலையே?"

"செருப்பக் கழட்டிட்டுத் தொடுங்க மொதலாளி. பொறங்கையால, லேசா."

"நீ சொல்லி நான் செருப்பக் கழட்டணுமா? த்தூ!"

மானம் செருப்புலதான் இருக்குது அந்த ஆளுக்கு. அதுக்குள்ள பாவாடை கிட்ட வந்துட்டாரு. அவருக்குச் செருப்பே கெடையாது. பொறங்கையால கம்பியத் தொட்டாரு. ரெண்டடி பின்னால போயி வியுந்தாரு.

அரங்கநாதன் கைய நீட்டிச் சிரிச்சாரு. "பாத்தியாடா! அப்பனுக்கும் இருக்குது. பரம்பரை வியாதி!"

 இந்த மண்டைய வெச்சுக்கினு ஒரு மில்ல நடத்துறான் மனுஷன்!

ரத்தினம்மா அப்பாவத் தூக்கி உக்கார வெச்சா. அப்புறம் நேரா புருஷன் கிட்ட வந்து நின்னா. "உங்களுக்கு வலிப்பு இல்லதான? செருப்பக் கழட்டிட்டு ஒரு தபா தொடுங்க. நான் பேசாம போயிடறேன்."

ஜெயராமன் ஒரு தடவ கம்பியப் பாத்தான், ஒரு தடவ என்னப் பாத்தான். அப்புறம் பின்னால நவுந்தான். 

அப்பத்தான் எனக்கே உறைச்சுது. இவனுக்குத் தெரியும். அவ வியுந்த மொத நாளே தெரிஞ்சிருக்குது. வயரிங் தெரியாதவன்னு அப்பன் கிட்ட பேரு கெட்டுடக் கூடாதுன்னு பொண்டாட்டிக்கு வலிப்புன்னு பேரு கட்டிட்டான் பொறுக்கி.

"தெரியுமா உனக்கு?"ன்னா ரத்தினம்மா.

புருஷன 'உனக்கு'ன்னுட்டா. களத்துல அத்தினி பேரும் வேலைய வுட்டுட்டு நிமிந்து பாத்தாங்க.  அரங்கநாதனும் புள்ள மூஞ்சியப் பாத்துட்டு அடங்கிப் போனாரு. "சரிம்மா, தெரியாம நடந்து போச்சு. பொட்டிய உள்ள வெய்யி"ன்னாரு.

"மூணு தபா வியுந்தேன். மூணு தபாவும் நின்னு பாத்தான். நைனா, எழுந்திரு, போலாம்."

டிரங்குப் பொட்டிய அவளே தூக்கித் தலையில வெச்சுக்கினா. பாவாடை பின்னாலயே போனாரு. ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிட்டாங்க.

அரங்கநாதன் என் பக்கம் திரும்பினாரு. "பாயிண்ட எல்லாம் மாத்திட்டா சரியாப் போயிடும் இல்லடா?"

"பாயிண்டு மட்டும் சரியாப் போயிடும் மொதலாளி"ன்னு சொல்லிட்டு வயரக் கழட்டினேன்.