ஆறுமணியம்மாவின் ஏழு டிகிரி

ஆறுமணியம்மாவுக்கு ஐம்பத்தோராவது வயது தொடங்கிய வாரத்தில் அந்நகரத்தின் வெப்பநிலை ஏழு டிகிரி உயர்ந்தது. வானிலை நிலையத்தின் நோக்கராகிய அவர், இருபத்தாறு ஆண்டுகளாகக் காலை ஆறு மணிக்கு ஒரு நொடியும் பிசகாமல் வெண்ணிற மரப்பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் படித்து வந்தமையால் அப்பெயர் பெற்றார். சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டுமே நினைவில் வைத்திருந்தது. மாதவிடாய் நின்றுகொண்டிருந்த அப்பருவத்தில், மார்பில் தொடங்கிக் கழுத்தேறிக் காதுமடல் வரை ஓடிய வெக்கை, அவரோடு நில்லாமல் நிலையத்தின் வேலியையும் தாண்டிச் சென்றது. அவர் குறித்த எண்களில் பொய்யில்லை. தெருக்கோடிக் கடையில் வெண்ணெய் உண்மையாகவே உருகிற்று. தலைமை அலுவலகம் பத்தொன்பது முறை வெப்ப எச்சரிக்கை விடுத்துப் பள்ளிகளை மூடியது. பிள்ளைகள் எவரும் குறை கூறவில்லை. வெப்பமானியை மூன்று முறை மாற்றிய பின்னரே, அவர் விடுப்பில் வெளியூர் சென்ற நாள்களில் மட்டும் நகரம் குளிர்ந்திருந்ததைத் தலைமை அதிகாரி கண்டறிந்தார்.

"மூணு மாசம் டைம் தர்றேன்மா. சூட்டை அடக்குங்க. இல்லேன்னா ஃபைல் ரூமுக்கு மாத்திடுவேன்" என்றார் அதிகாரி.

"அங்க பூரா காகிதம் சார். பத்திக்கிட்டா யாரு பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு வந்தாரே ஒழிய, வீடு திரும்பும் வழி நெடுக ஆறுமணியம்மா மேகங்களை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார். வானத்தைப் பாராத ஒரு வேலையை அவரால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை.

முன்பே மார்பகப் புற்றுக்கட்டியை அகற்றிக்கொண்டவர் ஆதலின், ஹார்மோன் சிகிச்சை அவருக்கு ஆகாது என்ற மருத்துவர், வேறு வழிகளை எடுத்துரைத்தார். நாத்தனார் கொணர்ந்த வேர்ப்பொடியையும் மருத்துவரே தடுத்தார். நாற்காலி முதுகில் ஈரக் காலுறைகளைப் போட்டு மனைவியின் சூட்டில் உலர்த்தி வந்த கணவர், "எதுக்கு அவசரம்? மழைக்காலம் போகட்டுமே" என்றார். "உங்க வாயையும் சேத்துக் காயப்போடுறேன், வாங்க" என்றார் ஆறுமணியம்மா.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பலித்ததென்று எவருக்கும் தெரியாது என்பது தொழில் அவருக்குக் கற்பித்த பாடம். எனவே, ஒவ்வொன்றாகச் சோதித்து, வெக்கை வந்த நேரங்களை வரைபடத்தாளில் குறித்தார். நாத்தனாரின் காந்தப்பட்டையை இரண்டு வாரம் கட்டினார். நாளொன்றுக்குப் பதினொன்றாக இருந்த வெக்கை பதினொன்றாகவே இருந்தது, கரண்டிகள் மட்டும் இடுப்பில் ஒட்டின. காப்பியை விட்டதும் ஒன்பதாயிற்று. மன ஆலோசகரிடம் நான்கு வாரம் பேச்சுப் பயிற்சி பெற்றபோது எண்ணிக்கை குறையவில்லை. ஆயினும், அடுத்த வெக்கை எப்போது வருமோ என்ற அச்சம் அகன்றமையால், வெக்கை வேலியைத் தாண்டுவதை நிறுத்திக்கொண்டது. இறுதியாக, ஹார்மோன் இல்லாத மாத்திரையைத் தொடங்கிய நான்காம் வாரத்தில் ஒன்பது நான்காயிற்று. ஓராண்டாகக் காணாமற்போயிருந்த தூக்கமும் வீடு திரும்பிற்று.

தவணையின் கடைசி நாளன்று, மழை பெய்யாது என்று அறிவித்துவிட்டுக் குடையின்றிப் புறப்பட்ட தலைமை அதிகாரி, சொட்டச்சொட்ட நனைந்து நிலையத்திற்கு வந்து சேர்ந்தார். ஆறுமணியம்மா வரைபடத்தாளை விரித்து, "ஒம்பது நாப்பதுக்கு வரும் சார். ரெண்டு டிகிரி, அஞ்சு நிமிஷம். பக்கத்துல வந்து நில்லுங்க, சட்டை காஞ்சிடும்" என்றார். ஒன்பது நாற்பதுக்கு வந்தது. இரண்டு டிகிரி, ஐந்து நிமிடம். சட்டையும் காய்ந்தது. அவ்வளவு பிழையற்ற முன்னறிவிப்பை அவ்வலுவலகம் அதுவரை கண்டதில்லை. அதிகாரி மாற்றல் உத்தரவை நான்காகக் கிழித்தார். மறுமாதமே பதிவேட்டில், ஈரப்பதத்திற்கும் காற்றின் வேகத்திற்கும் இடையே 'நோக்கரின் வெப்பம்' என்ற புதிய பத்தி அச்சாகி வந்தது. அதை வானொலியும் நாள்தோறும் வாசித்தது. கேட்டவர்கள் வியக்கவில்லை, அந்நேரம் பார்த்து நிலையத்திற்கே வந்து துணி உலர்த்திக்கொண்டனர்.

அடுத்த சந்திப்பில், மருந்தின் அளவைக் கூட்டினால் எஞ்சிய நான்கும் நின்றுவிடக்கூடும் என்றார் மருத்துவர். ஆறுமணியம்மா வரைபடத்தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"வேணாம் டாக்டர். இந்த நாலும் எப்ப வரும்னு எனக்குத் தெரியும். இதே அளவு போதும்."