சிநேகாவுக்குக் கொடுத்த தேதி

“தலைய ஆட்டாத, வாயத் தொற” என்று அதட்டிக்கொண்டே இராமலட்சுமி தன் ஏழு வயது மகள் சிநேகாவின் உதட்டில் சிவப்புச் சாயம் பூசினாள். நகங்களுக்குக் காலையிலேயே பூசியாகிவிட்டது. உதடும் நகமும் நாவற்பழம் தின்றதுபோல் நீலம் பாரித்துக் கிடந்தால், மூத்தவள் மாலதியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்காமல் இருப்பார்களா?

“உள்ளயே இருக்கணும். ஓடக்கூடாது, குந்தக்கூடாது. தெரிஞ்சுதா?”

சிநேகா தலையாட்டினாள். பிறவியிலேயே அவள் இதயத்தில் கோளாறு. நாலு எட்டு வேகமாக வைத்தால் மூச்சு முட்டும். அப்படியே குந்தி உட்கார்ந்தால்தான் தணியும். மதுரையில் அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். காப்பீட்டு அட்டையே போதும் என்றார்கள். இரண்டு முறையும் தகப்பன் மலையாண்டி கூட்டிப் போகவில்லை. நெஞ்சைக் கீறிய பிள்ளை வீட்டில் இருப்பது வெளியே தெரிந்தால் மூத்தவளை எவன் கட்டுவான்? மூன்றாவது தேதி வருகிற வியாழக்கிழமை. இனியும் தள்ளினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதையும் தள்ளிவிடத்தான் மலையாண்டி நினைத்திருந்தான். பிள்ளை மேல் பாசமில்லாதவன் அல்ல அவன். அதுதான் வயிற்றெரிச்சல்.

சாயல்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை காளிராஜ், அவன் தகப்பன், தாய் ராக்கம்மாள். மாலதி காபித் தட்டோடு வந்தாள். பூ வைத்துவிடலாம் என்ற பேச்சுகூட வந்துவிட்டது. அக்காவின் மாப்பிள்ளையைப் பார்க்க ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆசை இருக்காதா? சிநேகா ஓடி வந்தாள். நடு வீட்டில் மூச்சிரைத்துக் குந்தினாள். பிறகு அப்படியே சாய்ந்தாள்.

“வெளையாட்டுப் பிள்ள...” என்று மலையாண்டி சிரிக்கப் பார்த்தான்.

மாலதி தட்டை வைத்துவிட்டு ஓடி வருவதற்குள் ராக்கம்மாள் பிள்ளையை வாரி எடுத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பழகிய கை. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது.

“எத்தன நாளா ஒளிச்சு வச்சிருக்கீக?” என்று கேட்டாள்.

மாலதிதான் சொன்னாள்: “பொறந்ததுல இருந்து இருக்கு அத்தை. வியாழக்கெழம மதுரையில ஆபரேசன்.”

“எம் மக பெத்த பயலும் இப்படித்தான் குந்துவான்” என்றாள் ராக்கம்மாள். “அவ நாத்தனா கல்யாணம் முடியட்டும்னு அந்த வீட்ல தள்ளிக்கிட்டே போனாக. நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். கல்யாணம் ஜோரா நடந்துச்சு. பாக்கத்தான் அவன் இல்ல.”

“ஏய், எந்திரி. வண்டியில ஏறு” என்றான் அவள் புருஷன்.

மலையாண்டி குறுக்கே போய் நின்றான். “மச்சான், ஒங்க வீட்லயும் இருந்திருக்கே. ஒங்களுக்குத் தெரியாததா?”

“அது எம் மகளக் கட்டிக்குடுத்த வீட்டுச் சீக்கு. எங்க வகையறாவுல கெடையாது. சீக்குள்ள வீட்ல நாங்க பொண்ணெடுக்க மாட்டோம்.”

காளிராஜ் மாலதியை ஒருமுறை பார்த்தான். தகப்பன் பின்னால் போய்விட்டான். ராக்கம்மாள் பிள்ளையை மாலதியின் மடியில் கிடத்தி, “தேதியத் தவற விட்ராத தாயி” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

மலையாண்டி சுவரோரம் உட்கார்ந்தான். மாலதி அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள்.

“சிநேகாவோட அக்கா பேசுறேன் மேடம். வியாழக்கெழம வாரோம். இல்ல மேடம், இந்தத் தடவ நானே கூட்டிட்டு வாரேன்.”

மலையாண்டி போனைப் பிடுங்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இராமலட்சுமி அழுதுகொண்டே வந்து சின்னவளின் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு மூத்தவளிடம் கேட்டாள்.

“தழும்பு பெருசாத் தெரியுமாடி? நாளைக்கு இவளப் பாக்க வாரவுகளுக்கு என்னத்தச் சொல்றது?”

“அவுக வாரப்ப இவ இருக்கணும்லம்மா” என்றாள் மாலதி.