இடதுபக்கக் கதவு

விலையைக் கேட்டதுமே ஜெயகுமாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஓடுகிற நிலையில் இருக்கும் மாரிஸ் மைனர் காரை யாரும் அந்த விலைக்குத் தர மாட்டார்கள். சேலத்தில் அதைப்போல இரண்டு மடங்கு கேட்டார்கள்.

எண்பத்து நாலாம் வருஷம், ஜூன் மாதம். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, தம்பி தேவசிகாமணியோடு ஏற்காட்டில் மளிகைக் கடைக்காரர் கந்தசாமியின் வீட்டுக்கு வந்திருந்தாள். நாகலூரில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். பதினாறு வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவள். கொஞ்சம் சிக்கல் என்றாலும் சேலத்துக்குத்தான் இறக்க வேண்டும். எஸ்டேட் ஜீப் கிடைத்தால் உண்டு. போன ஐப்பசியில் கிடைக்கவில்லை. செம்மநத்தத்துப் பெண் ஒருத்தி பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே, ஜெயகுமாரியின் மடியில் கண்ணை மூடினாள். அந்த வாரமே ஜெயகுமாரி தம்பியிடம் வண்டி ஓட்டக் கற்க ஆரம்பித்தாள். அவன் எஸ்டேட் லாரி டிரைவர். இப்போது லைசென்ஸ் கையில் இருந்தது, வண்டிதான் இல்லை.

வண்டி பார்க்கச் சகிக்கவில்லை. கறுப்புப் பெயிண்ட் பானட்டில் பொரிந்து உரிந்து கிடந்தது. சீட் கிழிந்து தேங்காய் நார் எட்டிப் பார்த்தது. இடதுபக்கக் கதவு ஒரு முழ நீளத்துக்கு உள்ளே நசுங்கியிருந்தது.

தேவசிகாமணி சாக்கை விரித்துப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்தான். கால் மணி நேரம் கழித்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"அடிச்சட்டத்துல ஒரு விரிசல்கூட இல்லக்கா. இன்ஜின் தங்கம். அழுக்கெல்லாம் வெளியிலதான்."

"அப்புறம் ஏனுங்க இந்த வெலைக்குத் தர்றீங்க?" என்று ஜெயகுமாரி கேட்டாள்.

"சும்மா நிக்குதுங்க. அதான்." கந்தசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கதவு?"

"மாட்டு வண்டி ஒரசிருச்சுங்க."

"சரிங்க. கொண்டை ஊசி வளைவுல நாலஞ்சு எறங்கிப் பாத்துட்டு வந்துரலாம். நீங்களும் ஏறுங்க."

கந்தசாமி ஓரடி பின்னால் நகர்ந்தார். அந்தக் குளிரிலும் அவர் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. "நான் வர்லீங்க. நீங்களே ஓட்டிப் பாத்துக்குங்க."

தேவசிகாமணி அக்காவைத் தனியே இழுத்தான். "சொந்த வண்டியில ஏற மாட்டேங்கறாரு. என் கண்ணுக்குப் படாத ஏதோ இருக்குது. வேண்டாம்க்கா, போயிரலாம்."

அவளுக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் இந்த விலைக்கு இன்னொன்று தன் ஆயுசில் வராது என்பதும் தெரியும். "நான் ஓட்டறேன். நீ பக்கத்துல உக்காரு," என்றாள்.

முதல் மூன்று வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்டது. நாலாவதில் பனி இறங்கிவிட்டது. பானட்டுக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. ஜெயகுமாரியின் கால் தன்னையறியாமல் பிரேக்கை அழுத்தியபடியே இருந்தது. கருகல் வாடை வந்தது.

"காலை எடுக்கா! செகண்டுல போடு, இன்ஜின் புடிச்சுக்கும்!"

கியரை மாற்றினாள். இன்ஜின் உறுமிக்கொண்டு வேகத்தைப் பிடித்து நிறுத்தியது. மூச்சு விட்டாள். அடுத்த வளைவைத் திரும்பியதும், பனிக்குள்ளிருந்து ஒரு லாரியின் பின்பலகை எழும்பி வந்தது. டயர் பஞ்சராகி, விளக்கில்லாமல், நடு ரோட்டில் நின்றிருந்தது.

யோசிக்க நேரமில்லை. முழு பலத்தோடு மிதித்தாள். தேவசிகாமணி இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டான். வண்டி கிறீச்சிட்டது, ஆனால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுக்காமல், நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. லாரிக்கும் பானட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

ஜெயகுமாரி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டாள்.

"வண்டியில கோளாறு இல்ல," என்றான் தேவசிகாமணி.

லாரிக்காரர்கள் கைகாட்ட, வண்டியைத் திருப்பி மேலே ஏறினார்கள். மேலிருந்து இரண்டாவது வளைவுக்குக் கீழே பனி சற்று விலகியது. இடதுபக்கத் தடுப்புச் சுவரில் பாதி புதுசாகக் கட்டியிருந்தது. பழைய பாதியில், கதவு உயரத்துக்கு, கறுப்புப் பெயிண்ட் நீளமாகத் தேய்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம்.

"மாட்டு வண்டியாம்," என்றான் தேவசிகாமணி.

திரும்பி வந்ததும் ஜெயகுமாரி வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. "ஏனுங்க, சுவத்துல உங்க பெயிண்ட் இருக்குது. என்ன நடந்துச்சு? நான் இதுல புள்ளத்தாச்சிகளை ஏத்தப் போறவ. எனக்குத் தெரியோணும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி பார்வதி வந்து வாசற்படியில் நின்றாள். "நானே சொல்லிர்றனுங்க," என்றாள்.

"வேண்டாம் பார்வதி."

"எத்தன நாளைக்குங்க மறைக்கறது?" அவள் ஜெயகுமாரியிடம் திரும்பினாள். "சேலத்துல சரக்கு எடுத்துட்டு ரெண்டு பேரும் ஏறி வந்தமுங்க. அதுக்கு மொத நாளு ராத்திரி இவருக்குத் தூக்கமே இல்ல. கண்ணசந்துட்டாரு. சுவரு இடிஞ்சு முன்சக்கரம் ஒண்ணு அந்தரத்துல நின்னுருச்சு. நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். பஸ்ஸுக்காரங்க வந்து கயிறு கட்டி இழுக்கற வரைக்கும் அசையாம இருந்தனுங்க. எனக்கு ஒரு கீறல் இல்ல. இவருதான் அதுக்கப்புறம் எந்த வண்டியிலயும் ஏறலீங்க. எட்டு மாசமாச்சு. பஸ்ஸுலகூட ஏற மாட்டேங்கறாரு."

"வெளிய சொன்னா ராசி கெட்ட வண்டின்னு யாரும் வாங்க மாட்டாங்கன்னு பாத்தேன்," என்றார் கந்தசாமி தரையைப் பார்த்து. "தினம் இது வாசல்ல நிக்கறதப் பாக்க முடியலீங்க. தப்புத்தானுங்க."

ஜெயகுமாரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. லாரிக்கு முன்னால் நின்ற அந்த ஒரு சாண்தான் நினைவில் இருந்தது. "தூங்கினது நீங்க. வண்டி தூங்கலீங்களே," என்றாள். "நான் எடுத்துக்கறேன்."

பேசிய விலையையே கொடுத்தாள். கந்தசாமி காகிதங்களில் கையெழுத்துப் போட்டார்.

சாவியை வாங்கிக்கொண்டு அவள் கிளம்பும் நேரத்தில், பார்வதி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நாகலூரு வரைக்கும் நானும் வரட்டுங்களா? எங்க சித்தி ஊடு அங்கதான். நாலு மணி பஸ்ஸுல திரும்பிருவேன்."

கந்தசாமி வெளுத்துப் போனார். "அந்தப் பக்கம் உக்காராத. பின்னால உக்காரு."

பார்வதி முன்பக்கத்துக்கே போனாள். நசுங்கிய கதவு சுலபத்தில் திறக்கவில்லை. தேவசிகாமணி தோளைக் கொடுத்து இழுத்துத் திறந்துவிட்டு, தானே பின்சீட்டுக்குப் போனான். அவள் முன்னால் ஏறி உட்கார்ந்து, புடவை முந்தானையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள். அவள் விரல்கள் இறுகியிருப்பதை ஜெயகுமாரி பார்த்தாள்.

வண்டி நகர்ந்தது. கந்தசாமியும் நகர்ந்தார். பார்வதி பக்கத்து ஜன்னல் விளிம்பில் ஒரு கையை வைத்தபடி கூடவே நடந்தார். ஜெயகுமாரி முதல் கியரைத் தாண்டவில்லை. அவர் நடைக்கு ஏற்றபடியே ஓட்டினாள். ஏரிக்கரை வந்தது. கடைக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

நாகலூர் ரோடு பிரியும் இடத்தில் பார்வதி அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"விடுங்க. நல்லாத்தான் ஓட்டறாங்க," என்றாள்.

அவர் இன்னும் பத்தடி நடந்தார். பிறகு விட்டார்.