தேதி போடாத செய்தி

தெருமுனையில் படகு திரும்புகிறது, நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள், அதில் ஒரு தலையணை, ஆள் இல்லை, முதல் மாடி பால்கனியில் நின்று பார்க்கிறேன், இது அந்த மழையா இந்த மழையா என்று ஒரு கணம் தெரியவில்லை, அந்த மழையிலும் இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு இங்கேதான் நின்றேன், உள்ளே கட்டிலில் என் மனைவி சாருமதி, எட்டு மாதம், வருதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், வருது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், எந்தப் படகும் வரவில்லை, மூன்று வருடம் ஆகிவிட்டது. அவசரம், எட்டு மாதக் கர்ப்பிணி, ரத்தப்போக்கு, கீழ்த்தளம் மூழ்கிவிட்டது, படகு தேவை, முகவரி, என் எண், இவ்வளவுதான் தட்டினேன், தேதி போடவில்லை, அந்த நேரத்தில் தேதி யார் போடுவார், பத்துக் குழுக்களுக்கு அனுப்பினேன், அவர்கள் ஊருக்கே அனுப்பினார்கள், மறுநாள் மதியம் படுக்கையறைக் கதவைக் கழற்றி அவளை அதில் கிடத்தி, கழுத்தளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனேன், பாத்து கால வை, கல்லு இருக்கும் என்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள், மேம்பாலத்தை அடைந்தபோது பேச்சு நின்றிருந்தது. செய்தி நிற்கவில்லை. ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் ஏறியதும் யாரோ அதை மறுபடி அனுப்புகிறார்கள், அழைப்பு வருகிறது, முன்பின் தெரியாத தன்னார்வலர்கள், பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், அடுத்த வருடம் முதலில் அழைத்தது ஃபர்ஹானா என்று ஒரு பெண், சார், மேடம் எப்படி இருக்காங்க, மீட்டுட்டாங்க என்றேன், பட்டியலிலிருந்து எடுத்துவிடுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன், அல்ஹம்துலில்லாஹ், என்ன குழந்தை சார் என்றாள், குரல் உடைந்திருந்தது, பெண் என்றேன். பிறகு அழைத்த எல்லோருக்கும் அதையே சொன்னேன், சொல்லச் சொல்ல எங்கோ ஒரு பெண் குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது, பல் முளைத்திருந்தது, இந்த வருடம் மழை தொடங்கிய அன்றே தொலைபேசியை அணைத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

படகு பால்கனிக்குக் கீழே நிற்கிறது, இரண்டு பேர், மீனவக் குப்பத்திலிருந்து சொந்தப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள், நரைத்தவரை மற்றவன் எல்லப்பண்ணே என்கிறான், அவர் அவனை டில்லி என்கிறார், தம்பி, பொண்ண கைத்தாங்கலா இட்டா, அலுங்காம சேர்ல குந்த வெச்சு இட்டுனு போறோம் என்கிறார், நேத்திலிருந்து உன் நம்பரு சுச்சாஃப்பாமே, போன் எடுக்காத வூட்டுக்குத்தான் மொதல்ல போவணும்னு மீட்பு ஆபீசுல சொல்லிட்டாங்க, எடுத்துப் பேசறவன் இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்குவான்ல. அந்த மழையில் நான் ஓர் அழைப்பையும் விடாமல் எடுத்தேன். சீக்கிரம் தம்பி, மொதத் தெருவுல ஒரு பெருசு மூச்சு இழுத்துனு கீறாரு, மருமவ கூவிச்சு, புள்ளத்தாச்சிய வுட்டுட்டு வந்து உங்கள ஏத்திக்கறோம்னு சொல்ட்டு வந்தோம். மீட்டுட்டாங்க என்ற சொல் நாக்கில் வந்து நிற்கிறது, விழுங்குகிறேன், அது பழைய மெசேஜ், அவ இல்ல, செத்துட்டா, அங்க போங்க என்கிறேன். பழசா, டில்லி கழியைத் தூக்கித் தண்ணீரில் அடிக்கிறான், போன ஆன் பண்ணி ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னாய்யா, அந்தத் தண்ணி இழுப்புல செத்துப் பொழச்சு வந்தோமே, எல்லப்பன் அவன் தோளில் கை வைக்கிறார், நான் சன்ஷேடில் இறங்கிப் படகில் குதிக்கிறேன், மெயின் ரோடு வேண்டாம், காலி மனை வழியாகப் போகலாம் என்கிறேன், உனக்கு எப்பிடித் தெரியும் என்கிறான், மேம்பாலத்துக்கு வழி தேடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சுற்றிய இடம், எங்கே பள்ளம், எங்கே கம்பி வேலி என்று கால்களுக்குத் தெரியும், அதைச் சொல்லவில்லை.

முதல் தெருவில் மாடிப்படியின் நடுவில் அவரை உட்கார வைத்திருக்கிறார்கள், வாய் திறந்திருக்கிறது, ஒவ்வொரு மூச்சும் மரத்தை அறுப்பதுபோல் வருகிறது, தலையணையை முதுகுக்குக் கொடுத்து நாற்காலியில் வைக்கிறோம், எடை தாங்காமல் படகு தரை தட்டுகிறது, நானும் டில்லியும் தண்ணீரில் இறங்கித் தள்ளுகிறோம். படகில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மருமகள் பின்னால் திரும்பி, அந்தப் பொண்ணு பத்திரமாப் போயிடுச்சாண்ணா என்று கேட்கிறாள், அவங்க போவட்டும்னு மாமாதான் சொன்னாரு, போயிடுச்சும்மா, வேற படவுல என்கிறான் டில்லி, என்னைப் பார்க்காமல். இல்ல என்கிறேன். என் மனைவிதான், இறந்து மூணு வருஷம் ஆச்சு, என் போன் ஆஃப்ல இருந்ததால இவங்க அங்க வந்துட்டாங்க. அவள் என்னையே பார்க்கிறாள், திட்டுவாள் என்று காத்திருக்கிறேன், எவ்ளோ நேரம் போச்சு என்று மட்டும் கேட்கிறாள், ஒரு மணி நேரத்துக்கு மேல என்கிறார் எல்லப்பன், அவள் திரும்பிக்கொண்டு மாமனாரின் நெஞ்சைத் தேய்க்கத் தொடங்குகிறாள்.

காலி மனை தாண்டினால் என் தெரு, என் தெரு முடிந்தால் மேம்பாலம், கழுத்துவரை ஏறிவிட்டது தண்ணீர், காலடியில் கல், கால் அதைத் தானே கண்டு விலகுகிறது, படகு தெருமுனையில் திரும்புகிறது, நாற்காலியில் ஆள் இருக்கிறார், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, இங்கிருந்து முகம் தெரியவில்லை, மழைக்குள் அந்த மூச்சுக்காகக் காதைக் கொடுக்கிறேன், இல்லை, இல்லை, ஒருமுறை வருகிறது, அடுத்ததற்காகத் தள்ளுகிறேன்.