ஏழு ஷார்ப்பும் ஐந்து ஃபிளாட்டும்

1

இந்தக் கதை என் எரிச்சலில் பிறந்தது. சென்ட்ரல் போகும் லோக்கல் ரயிலில் எதிரே உட்கார்ந்த பெண் மடியில் ஒரு தாளை விரித்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். காலை ஏழே முக்காலுக்கு, அந்த நெரிசலில் ஒருத்தி அப்படிச் சிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்னங்க அதுல?" என்று கேட்டேன். ஆவடியிலிருந்து பெரம்பூர் வரை சொன்னாள். எனக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. தப்பு இருந்தால் என்னுடையது. சிரிப்பு அவளுடையது.

2

நிஷா ஜன்னலோரம் அமர்ந்து தொலைவில் தெரியும்—

(வேண்டாம். சேக்காட்டில் அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.)

சிறுவயது முதலே இசைமீது தீராத—

(பொய். கல்லூரி இரண்டாம் வருஷத்தில், தேர்வுக்குப் படிக்கப் பிடிக்காமல் ஆரம்பித்தது.)

சரி, நேராகச் சொல்கிறேன். ரயிலில் சிரித்த அந்த நிஷா பி.காம். முடித்தவள். அவள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள். இசைக்குறிப்பு எழுதும் சாஃப்ட்வேர் ஒன்றை இலவசமாக இறக்கி, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். பட்டாபிராமில் கஜபதி நடத்தும் கல்யாண பேண்டில் ஒன்பது பேர்: எட்டுப் பேர் ஊதுகிறவர்கள், ஒருவன் டிரம். அவர்களுக்கு இதுவரை நோட்ஸ் எழுதியவன் முதல் டிரம்பெட் தசரதன். பேனாவால் எழுதுவான்.

கஜபதி நிஷாவிடம் சொன்னது இதுதான்: "பாப்பா, இந்த ஒரு பாட்டு எழுதிகினு வா. ஞாயித்துக்கெயம பசங்க வாசிக்கட்டும். நல்லா வந்துச்சுன்னா இனிமே நோட்ஸு உன்து. வரலன்னா தசரதனே எழுதட்டும், மனசுல வச்சிக்காத."

அந்த வேலை அவளுக்கு வேண்டும். வேறு எதையும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. இதை அலங்கரித்து எழுத எனக்கு வரவில்லை.

3

இனி கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் ரயிலில் பொறுத்துக்கொண்டேன்.

பாடப்போகும் பெண்ணின் குரலுக்குப் பாட்டு ஏழு கட்டையில் இருந்தது. அந்த எட்டு வாத்தியங்களும் எழுதியதைவிட ஒரு படி கீழே ஒலிக்கும்; அதனால் ஒரு படி ஏற்றி எழுத வேண்டும். ஏற்றினால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஸ்வரத்தை அரைப்படி ஏற்றச் சொல்லும் ஏழு ஷார்ப் குறிகள் முள்வேலி மாதிரி நிற்கும். அதே சத்தத்தை, அரைப்படி இறக்கச் சொல்லும் ஐந்து ஃபிளாட் குறி போட்டும் எழுதலாம். காதுக்கு வித்தியாசமே கிடையாது. வாசிக்கிறவனுக்குப் பாதி பயம் குறையும்.*

சாஃப்ட்வேரில் மாற்ற ஒரு நொடி. நிஷா மாற்றினாள். ஆனால் பாட்டைத் தாள அளவில் பிரித்த கட்டங்களில் கர்சர் முப்பத்துமூன்றாவதில் நின்றிருந்தது. அங்கிருந்துதான் ஐந்து ஃபிளாட் ஆனது. முன்னால் இருந்த முப்பத்திரண்டு கட்டமும் ஏழு ஷார்ப்பிலேயே கிடந்தன. முழுப் பாட்டையும் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுக் கேட்டாள். இரண்டும் ஒரே சத்தம். தப்பு எப்படிக் காதில் விழும்? ஜெராக்ஸ் கடையில் ஒன்பது பேருக்கும் தாள் வந்ததா என்று எண்ணிப் பார்த்தாள். உள்ளே பார்க்கவில்லை.

* ஒரே ஒலி, இரண்டு எழுத்து என்றதும் சிலருக்குக் கை அரிக்கும். வாழ்க்கை, பெண், சாதி என்று எதையாவது கொண்டுவந்து பொருத்தத் தோன்றும். கையை எடுங்கள். இது டிரம்பெட் பற்றிய கதை.

4

ஞாயிறு காலை. கல்யாண மண்டபத்தின் காலியான சாப்பாட்டுக்கூடம். தாளைப் பார்த்ததும் தசரதன் சந்தோஷப்பட்டான்.

"அண்ணாத்தே, ஏழு ஷார்ப்பு போட்டுக்கீது. என் டிரம்பெட்ல கீறது மூணு பட்டனு."

"பத்தலன்னா என் சட்டைல ஒண்ணு பிச்சிக்க," என்றார் கஜபதி. "வாசிடா."

நிஷாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. காலடியில் பூமி நழுவி— (நழுவவில்லை. அவள் பிடித்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் முனகியது.)

திட்டிக்கொண்டே ஊதினார்கள். பத்தாம் கட்டத்தில் தடுமாறினார்கள். இருபதில் கொஞ்சம் பழகியது. ஏழு ஷார்ப்புக்கு விரல் படிந்து பாட்டு மேலேறிய நேரம் பார்த்து முப்பத்துமூன்று வந்தது. பழைய ஏழையும் ரத்து செய்ய ஏழு குறி, புதிதாக ஐந்து, ஆகப் பன்னிரண்டு குறிகளை சாஃப்ட்வேர் அங்கே வரிசையாக நிறுத்தியிருந்தது. எட்டுப் பேரும் ஒரே மூச்சில் நின்றார்கள்.

டில்லிபாபு நிற்கவில்லை. அவன் டிரம். அவன் தாளில் ஷார்ப்பும் கிடையாது, ஃபிளாட்டும் கிடையாது. பாட்டுக்குள் பெரிய விபத்து நடந்த விஷயமே அவனுக்கு வரவில்லை. தன் சத்தம் மட்டும் தனியாகக் கேட்பது உறைத்ததும் ஒரு கணம் திகைத்தான். பிறகு, இத்தனை கல்யாணத்தில் ஒருவரும் தனக்குத் தராத இடத்தை இன்று தந்துவிட்டார்கள் என்று நினைத்தானோ என்னவோ, வெளுத்து வாங்கினான். அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் அதிர்ந்தன. நான்கு கட்டம். கஜபதி விரலை மடக்கி எண்ணிக் கையை வீசினார். எட்டுப் பேரும் ஐந்து ஃபிளாட்டில் ஒன்றாக வந்து விழுந்தார்கள்.

உள்ளே அண்டா தேய்த்துக்கொண்டிருந்த கெங்கம்மாள் சோப்பு நுரைக் கையோடு வெளியே வந்துவிட்டாள். "இன்னாபா அது, ஒடம்பு தானா ஆடுது. இன்னொரு தபா அடி."

5

"பாப்பா," என்றார் கஜபதி. "எல்லாத்தையும் நிறுத்திட்டு டிரம்ம மட்டும் தனியா உட்டியே, உன் ஐடியாவா அது?"

தசரதன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நோட்ஸ் எழுதிய கை, அதற்குப் புரியாதா?

"சொல்லுங்க மேடம்," என்றான்.

முதல் முடிவு: அவள் உண்மையைச் சொல்கிறாள். வேலை தசரதனுக்கே போகிறது. எல்லோரும் நல்ல பெண் என்கிறார்கள். எழுதும்போதே கை கூசியது. நல்ல பெண் என்று பெயர் வாங்கவா இவ்வளவும் கற்றாள்?

இரண்டாம் முடிவு: "ஆமாண்ணே" என்கிறாள். அந்தப் பொய் அவளை வாழ்நாள் முழுக்க— (நிறுத்து. போன மாதம் ஒரு கல்யாணத்தில் தசரதன் ஊத வேண்டிய இடத்தில் ஊதாமல், "ஸ்டைலு அண்ணாத்தே" என்று தப்பித்தான். அவனை எந்தக் கதை வாழ்நாள் முழுக்க வாட்டியது?)

மூன்றாவது, அவள் நிஜமாகவே சொன்ன பதில். பெரம்பூரில் இறங்கும்போது என்னிடம் சொன்னாள். அதை உங்களுக்குத் தர மாட்டேன். தந்தால் அவளுக்கு மார்க் போடுவீர்கள்.

வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கஜபதி கையைத் தூக்குகிறார். "யோசி. இன்னொரு தபா வாசிக்கிறோம். டில்லி தனியா அடிக்கசொல்லோ எங்கிட்ட வந்து சொல்லு."

பாட்டு ஓடுகிறது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. எட்டுப் பேரும் வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்கிறார்கள், இந்த முறை வேண்டுமென்றே, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி. தசரதனும்தான். கெங்கம்மாள் இடுப்பில் கை வைத்துத் தயாராக நிற்கிறாள். நிஷா கஜபதியை நோக்கி நடக்கிறாள். நான்கு கட்டம் என்றால் எட்டு நொடி. என்ன சொல்ல வேண்டும் என்று அவள் காதில் நீங்களே சொல்லுங்கள். கத்தித்தான் சொல்ல வேண்டும், டில்லிபாபு ஆரம்பித்துவிட்டான்.